ஒயில் ஒழுகிய சனிக்கிழமைகள்

எங்கள் வான் வண்டியின் ஸ்டியரிங் முனகத் தொடங்கிய காலத்தில்தான் அம்மா வீட்டில் இல்லாமல் போனார். பருத்தித்துறையில் அம்மப்பாவுக்கு முழங்கால் வருத்தம், பார்க்க ஆளில்லை, அதனால் போயிருக்கிறார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஒரு முழங்கால் ஆற இவ்வளவு காலம் பிடிக்குமா என்று எட்டு வயதுப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்பது? அதற்குச் சில நாள் முன்பு, அம்மாவின் தம்பிக்குக் கலியாணம் நடந்த அன்று, மாப்பிள்ளையை ஏற்றிப் போகவேண்டிய எங்கள் வான் நடுவழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் தவறியது. அப்பா வேண்டுமென்றே செய்தார் என்று அம்மா வீட்டில் கதை வந்தது. அப்பா ஒன்று சொல்ல, அம்மா இரண்டு சொன்னார். இதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டதுதான். ஆனால் அதற்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை.

பின்னேரங்களில் அம்மா அப்பாவின் போனுக்குக் கோல் எடுப்பார். அப்பா அதை என்னிடம் நீட்டிவிட்டு முற்றத்துக்குப் போய் வானைத் துடைப்பார். துடைத்த இடத்தையே துடைப்பார். சாப்பிட்டாயா, தலை வாரி இழுத்தாயா என்று அம்மா கேட்க, நான் ஓம், ஓம் என்பேன். அவர் வைத்த பிறகும் போனைக் காதில் வைத்தபடியே இருப்பேன்.

வான் என்னைவிட மூத்தது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் பசுக்கன்று கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். பவர் ஸ்டியரிங் ஒயில் டப்பாவைத் திறந்தால் பாதி இறங்கியிருக்கும். அப்பா ஊற்றுவார், அது மறுபடி இறங்கும். குனிந்து பார்த்தால் நிலத்தில் ஒன்றும் தெரியாது. எங்கள் ஊர் இணுவில் மண் சிவப்பு, அந்த ஒயிலும் சிவப்பு. வானின் அடியெல்லாம் செம்புழுதி அப்பியிருந்ததால் எந்தக் குழாய் நனைந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் வான் ஒயில் குடிக்கப் பழகிவிட்டது என்று பகிடி விட்டார். அப்பாவும் அரைவாசி நம்பிவிட்டார் போலிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை அப்பா என்னைப் பருத்தித்துறைக்குக் கூட்டிப் போனார். அம்மப்பா வீட்டுக்குப் போகும் ஒழுங்கை கடற்கரைப் பக்கம், வெள்ளை வெளேரென்ற மணல். அப்பா வாசல் படலைக்கு வெளியே வானை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். அம்மா படலைக்கு உள்ளே நின்றார். நடுவில் நான். அப்போதுதான் அம்மாவின் கண் மணலில் விழுந்தது.

“உன்ரை அப்பாட்டைச் சொல்லு, வானுக்குக் கீழை சிவப்பாய் ஒழுகுது எண்டு.”

“கண்டனான் எண்டு சொல்லு,” என்றார் அப்பா, காணாமலே.

கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற இருவருக்கும் நான் தூது போனேன். அப்பா சாக்கை விரித்து வானுக்குக் கீழே படுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் குழாய்களை எல்லாம் துடைத்துக் காயவிட்டார். பிறகு முகத்துக்குப் பூசும் பவுடர் கொஞ்சம் வேண்டும், தூவிவிட்டால் எங்கே ஒழுகுதென்று தெரிந்துவிடும் என்று சொல்லியனுப்பினார். அம்மா தன்னுடைய டப்பாவையே என் கையில் தந்தார். இனி இயந்திரம் ஓடும்போது ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பவேண்டும். நான் ஏறி இருந்தால் தலையே வெளியே தெரியாது. அப்பா டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்து அம்மா படலையைத் திறந்து வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாரதி ஆசனத்தில் ஏறினார்.

அப்பா சில்லுகளுக்குக் கல் அடைகொடுத்து வானை ஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி கீழே போனார். வலப்பக்கம் வெட்டச் சொல்லு என்று கீழிருந்து வரும். வெட்டியாச்சாம் என்று நான் குனிந்து கத்துவேன். இடப்பக்கம் வெட்டச் சொல்லு என்று வரும். ஆசனத்துக்கும் வானின் அடிப்பக்கத்துக்கும் இடையே ஓடி எனக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் பிடிபட்டது. ஒயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் றப்பர் குழாயின் நுனி வெடித்திருந்தது. கிளிப் பிடித்த இடத்தில் பவுடர் இளஞ்சிவப்புச் சேறாகியிருந்தது. அப்பா வெடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துச் செருகி, திருப்புளியால் கிளிப்பை இறுக்கினார். அதற்குப் பிறகு ஒரு துளிகூட விழவில்லை. அம்மா இறங்கிப் படலைக்குள் போய்விட்டார். பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போது இயந்திரச் சூட்டில் அந்தப் பவுடர் மணந்தது. கண்ணை மூடிக்கொண்டு இணுவில் வரை முகர்ந்துகொண்டே வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வான் மறுபடி முனகியது. செம்மண்ணில் வைத்துப் பார்த்துச் சரிவராது, பருத்தித்துறை மணலில் விட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றார் அப்பா. நானும் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினேன். இப்படியே பல சனிக்கிழமைகள் போயின. அப்பா வானுக்குக் கீழே படுப்பதற்காக அயன் பண்ணின சேட் போட்டுக்கொண்டு புறப்படுவார். அம்மா பவுடர் டப்பாவோடு முன்கூட்டியே படலையில் நிற்பார். முழங்கால் வருத்தக்காரரான அம்மப்பா விறுவிறென்று நடந்து வந்து வேடிக்கை பார்ப்பார்.

எனக்கு ஒரே பயம், கிளிப் இறுகிவிட்டால் சனிக்கிழமை இல்லாமல் போய்விடும். வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அப்பா வானுக்குக் கீழே திருப்புளியோடு கிடப்பார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், இறுக்கிறன் பிள்ளை என்பார். நான் நேரே கந்தசுவாமி கோயிலுக்கு ஓடிப்போய், அப்பா எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்கக்கூடாது முருகா என்று கும்பிடுவேன். முருகன் ஒரு கிழமைகூடக் கைவிடவில்லை.

கடைசிச் சனிக்கிழமை, அப்பா சாக்கை விரிப்பதற்கு முன்பே அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் உடுப்புப் பை இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

“இஞ்சருங்கோ, இனி அந்தக் கிளிப்பைக் கழட்டாதையுங்கோ. நான் வாறன்.”

அம்மா வருகிறார் என்பது எனக்கு முதலில் உறைக்கவே இல்லை. கோபம்தான் வந்தது. வெயிலில் கிடந்து வேலை செய்த மனிதரை இப்படிச் சொல்லலாமா?

“அப்பா கழட்டேல்லை அம்மா, இறுக்கினவர். நான் என்ரை கண்ணாலை கண்டனான்.”

அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அப்பா சாவியைத் தேடத் தொடங்கினார். சாவி வானிலேயே இருந்தது.

முன் ஆசனத்தில் இருவருக்கும் நடுவே என்னை இருத்தினார்கள். இன்று அவர்கள் இருவருமே இல்லை. அந்த இடத்தில் இன்னும் ஒருக்கால் ஒடுங்கியிருக்கக் கிடைக்காதா என்று மனம் கிடந்து தவிக்கிறது. ஆனால் அன்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை சொல்வது சரி, இறுக்கினதுதான் என்று ஒரு வார்த்தை சொல்ல அப்பாவுக்கு ஏன் வாய் வரவில்லை என்று தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.