முத்திரை இல்லாத சிரட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில் செமோருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிக் கப்பலேறி வந்த புதிது. வாய் மட்டும் அப்போதே நீளம்.

தோட்டத்துக்கு ஒரே கடை. கடைக்காரர் தகரப் படியில் அரிசியை நிரப்பி, குச்சியால் தலைவழித்துப் போடுவார். அடிபட்டு நெளிந்த பழைய படி. வீட்டுக்கு வந்து நான் இங்கே கிடைத்த ஒரு சிரட்டையால் அளந்து பார்ப்பேன். ஊரில் எங்கள் வீட்டில் படிக்கு நாலு சிரட்டை. இங்கே ஒருநாளும் நாலு வந்ததில்லை. வாரக் கடைசியில் கஞ்சிக்கே இழுபறி. இந்த மனுஷன் நம் வயிற்றில் அடிக்கிறார் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில், கடைகளில் தராசும் படியும் சோதிக்கும் சர்க்கார் அதிகாரி ஈப்போவிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். படி குறைந்தால் கேஸ், கடையே போய்விடும். அது தெரிந்தும் எல்லார் முன்னாலும் போய் நின்று, "இந்தப் படி கொறச்சலுங்க. எங்க வீட்டுச் செரட்டையில அளந்து பாத்துட்டேன்" என்றேன்.

கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி கடைப் படியில் அரிசியை நிரப்பி வழித்து, அதைத் தாம் கொண்டுவந்த சர்க்கார் முத்திரை குத்திய படியில் கொட்டினார். அது நிறைந்து, ஒரு பிடி அரிசி கீழே விரித்த பாயில் சிந்தியது. தட்டித் தட்டி அளந்து படியின் அடித்தகடு கீழே புடைத்துவிட்டதில், அந்தப் படி இத்தனை நாளும் எங்களுக்குக் கூடவே அளந்திருக்கிறது.

"உங்கட சிரட்டைக்கு ஆர் முத்திரை குத்தினது, பிள்ளை?" என்று அதிகாரி கேட்டார். அரிசி வாங்க வந்த பெண்கள் சிரித்தார்கள். என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை.

"கூடினாலும் பிழைதான்" என்று அவர் பழைய படியை எடுத்துக்கொண்டார். கேஸ் போடவில்லை. முத்திரை குத்திய புதுப் படி வாங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் எல்லார் வீட்டிலும் படிக்கு ஒரு பிடி குறைந்தது. எதிர்வீட்டு அக்கா, "நல்லா நியாயம் கேட்ட லா" என்றதோடு சரி, அப்புறம் பல நாள் பேசவில்லை.

மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். "எங்கிட்டயே கேட்டிருக்கலாம், தங்கச்சி" என்றார் கடைக்காரர். புதுப் படியில் அரிசியை நிரப்பி, வழிக்கும் குச்சியை என்னிடம் நீட்டினார். "இனிமே நீயே வழிச்சுக்க."

குச்சியை வாங்கி வழித்தேன். யாரையாவது குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அந்தக் குச்சி இன்னும் என் கையில் இருப்பதுபோலத்தான் தோன்றுகிறது.