பாலையா தப்பாகச் சொன்ன வார்த்தை

பிரசங்கியாருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால். அதுதான் பாலையாவின் இடம். இருபத்திரண்டு வருஷம் அங்கே நின்றார். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊரில் அவர் போகும் சபையில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு; வரும் பாஸ்டர்களோ பெரும்பாலும் தெலுங்குக்காரர்கள். அவர்கள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால் பாலையா அதைத் தமிழில் சொல்வார். நல்ல பிரசங்கம் என்று ஜனங்கள் பாஸ்டரின் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். மொழிபெயர்த்தவரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

வார நாட்களில் அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். ஆறு தறிகளின் சத்தத்துக்கு நடுவே முப்பது வருஷம் நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிக்கொண்டே வந்தது. வீட்டில் மனைவி மஞ்சு இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. சபையில் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அரை அடி பின்னால் நின்றவர் அரை அடி முன்னால் நகர்ந்தார், பேசுகிறவரின் வாயைப் பார்ப்பதற்காக.

பிப்ரவரியில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. சித்தூரிலிருந்து வந்த பிரசங்கியார் சபைக்குள் இருந்த சண்டைகளைப் பற்றிக் காரசாரமாகப் பேசினார். "பகனு விடுவுமு!" என்று கையை ஓங்கினார். பகையை விடு என்று அர்த்தம். ஒலிபெருக்கியின் இரைச்சலில் பாலையாவின் காதில் விழுந்தது கடைசி வார்த்தைதான். அதுவும் 'விடுவனு' என்று விழுந்தது. தெலுங்கில் அதற்கு விடமாட்டேன் என்று அர்த்தம்.

"உன்னை நான் விடவே மாட்டேன்னு ஆண்டவர் சொல்றாரு" என்றார் பாலையா.

முன்வரிசையில் தெலுங்கு தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசங்கியார் இன்னும் அழுத்தமாக அதையே சொன்னார். பாலையாவும் இன்னும் அழுத்தமாக, "உன்னை நான் விடவே மாட்டேன்!" என்றார். மூன்றாம் தரம் சிரிப்பு கிளம்பிவிட்டது. சிரித்த வாய்களைப் பார்த்த பிறகுதான் ஏதோ பிசகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. யாரும் கடிந்துகொள்ளவில்லை. சபையின் பாஸ்டர் அவர் தோளில் கை வைத்து, "பரவாயில்லை" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து, "உமக்குன்னு என்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான், இதையும் எடுத்துக்கினீரா?" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டார்.

மூன்றாவது ஞாயிறு ஜெகநாதன் வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். இருவரும் இளவட்டமாக இருந்தபோது ஒரே தறிக்கொட்டகை. பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஜெகநாதன் ஆட்டோவுக்குப் போனவர். சபைக்கு அவர் முதலில் வந்ததே பாலையா மொழிபெயர்ப்பதைக் கேலி செய்யத்தான். வந்தவர் அப்படியே தங்கிவிட்டார்.

"காது கேக்கல, அவ்ளோதானே? காலு இருக்குது இல்ல? ஏறு வண்டியில."

"வந்து இன்னா பண்ணச் சொல்ற? பொம்மை மாதிரி குந்திக்கினு இருக்கவா?"

"நான் சொல்றேன்பா உனக்கு."

சொன்னார். பாலையாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, நாற்பது நிமிஷப் பிரசங்கத்தை நான்கே வாக்கியத்தில் காதுக்குள் சொன்னார். "இன்னாமோ கப்பல் கதை சொல்றாரு. புயல் வந்துச்சாம். பயப்படாதேங்கறாரு. இப்ப முடிக்கப் போறாரு." பல வாரங்களுக்குப் பிறகு பாலையா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவரைத் திருப்பதிக்கு அழைத்துப்போய்க் காது பரிசோதனை செய்ய வைத்ததும் ஜெகநாதன்தான். இரண்டு காதிலும் நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். மெஷின் வைத்தால் அமைதியான இடத்தில், எதிரில் ஒருவர் பேசுவது கேட்கும். கூட்டத்தில் கஷ்டம்தான். அப்படியே ஆயிற்று. கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்தால் தறிக்கொட்டகையே காதுக்குள் புகுந்த மாதிரி இருந்தது. பாலையா பாஸ்டரிடம் போய், டீச்சர் ஸ்வர்ணலதாவை மொழிபெயர்க்கச் சொல்லும்படி தாமே கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் ஜெகநாதனின் ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். கார்வேட்டிநகரத்தில் வாழ்க்கைப்பட்டவள், பெயர் ஷோபா. சபையில் வந்து 'மொழிபெயர்ப்பு அண்ணன்' எங்கே என்று விசாரித்திருக்கிறாள்.

"எட்டு வருஷமா கொழந்த இல்லன்னு அனுப்பிட்டாங்கண்ணா. இங்க அக்கா வீட்டுல இருந்தேன்" என்றாள். "அன்னிக்கு உயிரோட இருக்கறதில்லன்னு முடிவு பண்ணிக்கினுதான் அக்காகூட கூட்டத்துக்கு வந்து குந்தினேன். நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் முடிவை மாத்திக்கினேன். இப்ப புத்தூர்ல ஒரு துணிக்கடையில வேலை."

எந்தக் கூட்டம் என்று பாலையா கேட்டார். பிப்ரவரிக் கூட்டம் என்று அவள் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பொய்யாக ஒரு நன்றியை வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"அம்மா, அது பிரசங்கம் பண்ண ஐயகாரு சொன்னது இல்ல. அவரு பகையை விடுன்னாரு. என் காது கேக்காம நான் தப்பா சொன்னது."

"தெரியும்ணா."

பாலையா காது மெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் பத்தாவது வரைக்கும் தெலுங்கு மீடியம். ஐயகாரு சொன்னது எனக்கு நல்லா கேட்டுச்சு. மொதல் தடவை தப்புன்னுதான் நெனச்சேன். ரெண்டாந் தடவையும் அதையே சொன்னீங்க. மூணாந் தடவை எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. ஐயகாரு ஊருக்கு சொல்றாரு, உங்க வாயில இருந்து வர்றது எனக்குன்னு தோணிச்சு."

மஞ்சு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்தாள். கிளம்பும் முன் ஷோபாவே ஜெபித்தாள், அவருக்குக் கேட்கும்படி மெதுவாக, நிறுத்தி நிறுத்தி.

அதன் பிறகும் பாலையா மேடைக்குத் திரும்பவில்லை. ஸ்வர்ணலதா தம்மைவிட நன்றாகச் சொல்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னார். ஆனால் ஞாயிறு மத்தியானங்களில் ஜெகநாதனும் அவரும் ஆட்டோவில் கிளம்பிவிடுவார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், துணையில்லாதவர்கள், எந்த மதமானாலும் சரி, போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

பழைய தறிக்காரர் பூவராகவனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுக் குழறிப்போயிருந்தது. அவர் சொல்வது புரியாமல் வீட்டார் அலுத்துப்போயிருந்தார்கள். ஜெகநாதன் உள்ளே நுழைந்ததுமே ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்.

"நீ கொஞ்சம் சும்மா இருப்பா. அவரு ஏதோ சொல்றாரு" என்றார் பாலையா. குனிந்து பூவராகவனின் உதடுகளுக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"தண்ணியா?"

பூவராகவன் கோபமாக, இல்லையென்று தலையாட்டினார். மறுபடி முனகினார். பாலையா அவசரப்படாமல், வாயைப் பார்த்தபடி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு நிமிர்ந்து பூவராகவனின் மனைவியைக் கூப்பிட்டார்.

"தலகாணி ரொம்ப உயரமா இருக்குதாம்மா. கழுத்து வலிக்குதாம். மூணு நாளா சொல்லிக்கினு இருக்கறாராம்."

அந்த அம்மாள் தலையணையை உருவினாள். பூவராகவன் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார்.