ஒலிபெருக்கியில் ஒரு தடவை

எமெட் டகெட்டும் நானும் ஏழு ஊர்களில் ஒன்றாக பேஸ்பால் ஆடியவர்கள். நான் கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கிறவன். அவன் மைதானத்தின் கோடியில் நின்று உயரப் பறந்து வரும் பந்துகளை ஓடிப் பிடிக்கிறவன். பதின்மூன்று வருஷம் சின்ன லீக்கிலேயே காலம் தள்ளினோம். பேருந்தில் தூக்கம், வழியில் பெட்ரோல் பங்க்கில் ஆறிப்போன ஹாட் டாக், மார்ச் பிறந்து பயிற்சி தொடங்கினால் இந்த வருஷமாவது பெரிய லீக் என்ற நப்பாசை. எனக்கு அந்த நப்பாசையும் சீக்கிரமே விட்டுப்போனது. எமெட்டுக்கு மட்டும் ஒன்று பாக்கி இருந்தது. பெரிய லீக்கில் ஒரே ஒரு தடவை மட்டையோடு நின்று ஒரு பந்தையாவது பார்த்துவிட வேண்டும்.

அவன் அடி சுமார்தான். ஆனால் மறுத்துப் பேச மாட்டான்.

"டகெட், இன்னைக்கு நீ உட்காரு."

"உங்க இஷ்டம், ஸ்கிப்."

மேனேஜர் யாராக இருந்தாலும் எங்களுக்கு ஸ்கிப்தான். முறைக்கிறவனைத்தான் முதலில் கழற்றிவிடுவார்கள். இந்த இரண்டு வார்த்தையை வைத்தே எமெட் தப்பித்துக்கொண்டிருந்தான்.

"உன் பேரென்னன்னு கேட்டாக்கூட 'உங்க இஷ்டம்'னுதான்டா சொல்லுவே" என்று கிண்டல் செய்வேன்.

"பொழப்பு ஓடுதுல்ல ரே, விடு" என்பான்.

அவனுக்கு முப்பத்துநாலு வயதான செப்டம்பரில், பெரிய அணிகள் கூடுதல் ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்கிற மாதத்தில், எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. அவன் மனைவி லோரீன் ஆர்கன்சாவிலிருந்து ஒன்பது மணி நேரம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். உள்ளூர் ஆட்டம் ஒன்று விடாமல் வந்து உட்கார்ந்தாள். எமெட் பெஞ்சை விட்டு எழவே இல்லை.

கடைசி ஞாயிறு. அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். நாங்கள் இரண்டு ரன் பின்னால். ஜெயித்தாலும் தோற்றாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

"டகெட், மட்டையை எடு" என்றார் மேனேஜர் ஸ்டாமர்.

ஒலிபெருக்கியில் அவன் பெயர் கேட்டது. லோரீன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எமெட் நடக்கத் தொடங்கியதும் எதிரணி பந்து வீசுகிறவனை மாற்றி ஒரு இடக்கைக்காரனை இறக்கியது. எமெட்டும் இடக்கை. இடக்கைப் பந்து இடக்கை மட்டைக்கு ஆகாது என்பது இந்த ஆட்டத்தில் வேதவாக்கு. ஸ்டாமர் அவனைப் பெஞ்சுக்கு முன்னால் இருந்த படிக்கட்டுக்குக் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"இடக்கைக்காரன் வரான். நீ அடிக்கிறியா, இல்ல வலக்கையால அடிக்கிற ரூடிய அனுப்பட்டா?"

பதின்மூன்று வருஷத்தில் யாரும் அவனை எதுவும் கேட்டதில்லை. சொல்லுடா பாவி, நான் அடிக்கிறேன்னு சொல்லு என்று எனக்குள் கத்தினேன். அவன் வாய் பழகிய தடத்திலேயே போனது.

"உங்க இஷ்டம், ஸ்கிப்."

ஸ்டாமர் தோளைக் குலுக்கினார். "ரூடி, நீ போ."

பெயர் அறிவித்தபின் வெளியே வந்தவன் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது. ரூடி மூன்று பந்தில் வெளியேறினான். வருஷம் முடிந்தது. பதிவேட்டில் எமெட்டின் பெயருக்கு நேராக ஒரு ஆட்டம் என்று ஏறியது. பார்த்த பந்து ஒன்றுகூட இல்லை. மறுநாளே அவனை விடுவித்துவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவன்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் லோரீன் பொரிந்து தள்ளினாள். "அந்தாளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? செத்துப்போன ஆட்டம்தானே அது! உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எமெட் பையைப் பின்சீட்டில் வைத்தான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"அந்தாளு எங்க கேக்கப்போறான்மா?"

"கேட்டாரு, லோரீன்" என்றான் எமெட்.

அவள் கார் கதவில் சாவியைப் போட்ட கையை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் ஒரே காரில் போக வேண்டியிருந்தது.