மயிலாப்பூரில் இரண்டாம் குரல்

சென்னையில் கூட்டாகப் பாடுவதென்றால் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். யாழ்ப்பாணத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றே பாடிப் பழகிய எனக்கு முதல் வாரமே கால் மரத்துப்போனது. எழும்புவதற்காகப் பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்தேன். அவரோ நான் விடைபெறுகிறேன் என்று நினைத்துக் குங்குமச் சிமிழை நீட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். கலியாணமாகி ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வந்த புதிது. மயிலாப்பூரில் அந்த மாதர் சேர்ந்திசைக் குழுவை நடத்தியவர் வைதேகி மாமி, பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். நவராத்திரிக் கொலுவுக்கு வீடு வீடாகப் பாடப்போன ஏழு பெண்கள் தொடங்கியது, நான் சேர்ந்தபோது முப்பது பேராகியிருந்தது. பள்ளி ஆண்டுவிழா, சுதந்திர தினம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவோம். தெலுங்கோ வங்காளமோ, தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்துவிடுவோம்.

அந்த வருடம் நாங்கள் சபா மேடையில் பாடுவதை வானொலியில் ஒலிபரப்பப் போவதாகச் செய்தி வந்தது. நாளையும் நேரத்தையும் அன்றே அம்மாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். கடலுக்கு அந்தப்பக்கம் சென்னை நிலையம் நன்றாகவே எடுக்கும். எனக்கு இரண்டாம் குரல் பழக்கியதே அம்மாதான். மற்றவர்கள் மெட்டைப் பாட, அதற்குக் கீழே வேறொரு மெட்டாக இணைந்து போகிற குரல் அது.

கடைசி ஒத்திகையில் உற்சாகம் தலைக்கேறி அந்தக் குரலில் பாடிவிட்டேன். மாமி ஆர்மோனியத்தை நிறுத்தினார்.

“யாரது, சுருதி சேராம?”

“நான்தான் மாமி. பிழையில்லை, இது இரண்டாம் குரல். எங்கட ஊரில இப்பிடித்தான் சேர்ந்து பாடுறது.”

“அபஸ்வரத்துக்கு இப்படி ஒரு பேரா?”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மாமி என்னைத் தனியே அழைத்து, உண்மையான பரிவோடு சொன்னார்:

“தப்பா எடுத்துக்காதேம்மா. மேடைல வரிசை கொறையப்படாது, ஒரே கலர்ல பொடவையும் வாங்கியாச்சு. நீ வாய மட்டும் அசைச்சுண்டு நில்லு, போறும்.”

“எல்லாரையும் போலவே பாடுறன் மாமி.”

“பழக்கம் லேசுல விடாது. மைக் முன்னாடி நழுவித்துன்னா முப்பது பேருக்கும் அவமானம்.”

ஆறு வயதிலிருந்து பாடுகிறவளை ஊமை வேஷம் போடச் சொல்வார்களா? என் காதையே நம்ப முடியவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கியபாடில்லை. ஆனாலும் போய் நின்றேன், அதுதான் வெட்கக்கேடு. பச்சைப் புடவையில், இரண்டாம் வரிசையில், மூச்சுச் சத்தம்கூட வராமல் ஆறு பாட்டுக்கும் வாயசைத்தேன்.

இரண்டு வாரத்தில் அம்மாவின் கடிதம் வந்தது. “பக்கத்து வீட்டு ரேடியோவில எல்லாரும் இருந்து கேட்டனாங்கள். அத்தனை பேருக்குள்ளயும் உன்ர இரண்டாம் குரலை நான் உடன பிடிச்சிட்டன். வடிவாப் பாடியிருக்கிறாய்.”

நின்ற நிலையிலேயே நாலைந்து தரம் வாசித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் உண்மையும் வரவில்லை, பொய்யும் வரவில்லை. குசினிக்குள் அடுப்பருகே நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா கேட்டதாக எழுதிய அந்த இரண்டாம் குரலைத் தொண்டை திறந்து பாடிப் பார்த்தேன். மெட்டைப் பாட ஆளில்லாமல் அது எந்தப் பாட்டென்று எனக்கே பிடிபடவில்லை.