ஒற்றை ஷூவில் ஓடிய அக்கா

பச்சை நிற ஷூ ஒன்று ஓடுதளத்தின் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதை அக்காவின் காலிலிருந்து கழற்றிவிட்டது என் கால்தான்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. தாம்பரத்தில் ஒரே பயிற்சியாளரிடம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம் பழகியவர்கள் நாங்கள். இரும்புலியூரில் ஒரு காலத்தில் நெல் விளைவித்த குடும்பம் அவருடையது; நான் பக்கத்துக் காலனி ஆசிரியரின் மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஐந்து வருடம் அவர் முதல், நான் இரண்டாவது. அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு அதிகப் பழக்கம். வலது தோள் சற்றே இறங்கியிருக்கும்; கடைசி இருநூறு மீட்டரில் நிமிரும். அது நிமிர்ந்துவிட்டால் அப்புறம் அவரை யாராலும் பிடிக்க முடியாது.

மாநிலப் போட்டியின் இறுதி ஓட்டம். மே மாதம், காலை பதினொரு மணி. செயற்கை ஓடுதளம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. முதல் வளைவில் நெருக்கியடித்து ஓடும்போது அவர் குதிகாலை மிதித்துவிட்டேன். ஷூ தெறித்து விழுந்தது. நின்றுவிடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று சுற்றுக்கும் மேல், ஒரு கால் ஷூவிலும் ஒரு கால் வெறும் சாக்ஸிலுமாக ஓடினார். காலடிச் சத்தம் மட்டும் மாறியது: டக், தப், டக், தப். கடைசியில் அந்தத் தோள் நிமிர்ந்தது. போட்டியில் இருக்கிறேன் என்பதையே மறந்து பார்த்தேன். அவர் முதலாவது, நான் நான்காவது.

பந்தலுக்குக் கீழே அக்கா சாக்ஸை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. பயிற்சியாளர் என்னைப் பார்த்தபடியே அவரிடம் கேட்டார்: "மிதிச்சது யாரு?"

எப்போதும் இரண்டாவதாக வருகிறவள் வேண்டுமென்றே செய்தாள் என்று பயிற்சியாளர் நினைத்துவிட்டால் அன்றோடு என் ஓட்டம் முடிந்தது.

"யாரும் மிதிக்கல சார். நான்தான் லேஸ் சரியா கட்டல" என்றார் அக்கா.

பயிற்சியாளர் அந்தப் பக்கம் போனதும் அழுதேன். "இன்னாத்துக்கு அழுவுற? கூட்டத்துல ஓடுனா கால் படத்தான் செய்யும். அதுக்கப்புறம் ஏன் ஸ்லோ பண்ண? அதான் தப்பு" என்றார் அக்கா. உரிந்த பாதத்தோடு ஓடும்போதும் பின்னால் என் காலடி தளர்ந்ததை அவர் கேட்டிருக்கிறார்!

புண் ஆறாததால் அந்த வருடம் தேசியப் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. மறு வருடம் போனார், தங்கம் வென்றார். பிறகு பல வருடங்கள் அந்தத் தூரத்தில் நாட்டிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. நான் அதற்குள் ஓட்டத்தை விட்டுவிட்டு நாவலூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அலுவலக கேன்டீன் டிவியில் அவர் ஓடினால், தட்டும் கையுமாக எழுந்து நின்றுவிடுவேன்.

போன மாதம் தாம்பரம் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்: "ஏங்க்கா அன்னிக்கு என்னைக் காட்டிக் குடுக்கல?"

"சொல்லியிருந்தா சார் உன்ன வெளிய அனுப்பியிருப்பாரு. அப்புறம் என் பின்னாடி யாரு ஓடுவா? உன் கால் சத்தம் கேட்டாதான் எனக்கு பயமே வரும்." சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆனா நீயே போய்ட்ட. அதுக்கப்புறம் பின்னாடி சத்தமே இல்லாம மூணாவது ரவுண்டு ரொம்ப பேஜாரா இருந்துச்சுடி."

சென்னைக் கடற்கரை போகும் மின்சார வண்டி வந்தது. ஏறிக்கொண்டு கையசைத்தார். வண்டி நகர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது, நான் போக வேண்டியதும் அதே வண்டியில்தான் என்று.