பிரதம விருந்தினர் எழும்பவில்லை

இரண்டு கோடைக்கு முன், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் நடந்தது இது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடல். ஆண்களுக்குக் கிரிக்கெட், கரப்பந்து எல்லாம் உண்டு. பெண்கள் எங்களுக்கோ காலங்காலமாகக் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் ஓட்டமும் சங்கீதக் கதிரையும்தான். அந்த வருடம் சண்டை பிடித்து, பெண்கள் இரண்டு அணியாக வலைப்பந்து ஆடச் சம்மதம் வாங்கியிருந்தோம். பள்ளிக்கூடத்தோடு பந்தை விட்டவர்கள் நாங்கள். குளிர்காலம் முழுக்க வேலை முடிய மிசிசாகாவிலிருந்தும் மார்க்கம் நகரிலிருந்தும் ஓடிவந்து, முழங்காலுக்கு எண்ணெய் பூசிப் பூசிப் பழகினோம்.

பிரதம விருந்தினர் ஒரு சமோவாப் பெண்மணி. தன் நாட்டுக்காக வலைப்பந்து ஆடியவர், பெண்களின் உரிமைக்காகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். ஏதோ மாநாட்டுக்கு ரொறன்ரோ வந்தவரை எங்கள் அணித்தோழி ஒருத்தி கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். போட்ட மாலையோடு எங்களுடன் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார். நான் பந்து எறிந்து பழகும்போது முழங்கையைப் பிடித்துத் திருத்தினார். எனக்கு அப்போதே ஆளைப் பிடித்துவிட்டது.

கரப்பந்து இறுதியாட்டம் இழுபட்டுப் போனது. இருட்டுவதற்குள் பூங்காவை விடவேண்டும். சங்கச் செயலாளர் எங்களிடம் வந்தார்.

“அக்காமார், குறை நினையாதேங்கோ. நேரமில்லை, உங்கட விளையாட்டை அடுத்த வருசம் பாப்பம். பரிசளிப்பைத் துவங்கிறம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததெல்லாம் சொல்லிக் கத்தினேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. ஒலிவாங்கியில் பிரதம விருந்தினரை மேடைக்கு அழைத்தார்கள். எங்கள் வலைப்பந்துக் கம்பத்தடியில் கதிரை போட்டு இருந்த அவர் எழும்பவில்லை. மறுபடியும் அழைத்தார்கள். விளையாட்டெல்லாம் முடிந்த பிறகு பரிசு கொடுப்பதுதான் தன் வழக்கம், தனக்கு அவசரமில்லை என்று ஆங்கிலத்தில் சிரித்தபடி சொன்னார்.

எங்கள் ஆட்களின் விழா உங்களுக்குத் தெரியும்தானே. பிரதம விருந்தினர் மேடையேறாமல் கிண்ணமும் இல்லை, பேச்சும் இல்லை, படமும் இல்லை, சாப்பாடும் இல்லை. சங்கத் தலைவர் செயலாளரிடம் திரும்பினார்.

“உவ எழும்பமாட்டா போல கிடக்கு. விடுங்கோ, விளையாடட்டும்.”

விளையாடினோம். என் முதல் எறிகள் கம்பத்துக்குக் கிட்டவும் போகவில்லை. மகள் ஓரத்தில் நின்று ஆங்கிலத்தில் கத்தக் கத்த, ஒன்று வலைக்குள் விழுந்தது. என் அணி தோற்றுத்தான் போனது. ஆனால் பிரதம விருந்தினர் ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது அழுதுவிட்டேன், அந்தச் சனத்துக்கு நடுவில்.

உரிமை கேட்பதென்றால் தொண்டை கிழியக் கத்துவது என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைக்கும் நான் கத்துகிற ஆள்தான், ஆனால் கத்தத் தொடங்கும்போதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டு கதிரையில் இருந்த அந்த இருப்பு ஞாபகத்துக்கு வந்து, என்னையும் அசையாமல் இருக்கச் சொல்கிறது.