எர்மெலிண்டா அக்காவின் ஒலிபெருக்கி

எங்கள் திமோரில், இந்தப் பௌகாவ் மலைப்பக்கம் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தால் ஒரே அர்த்தம்தான்: யாரோ செத்துவிட்டார்கள். அதே வண்டியில் கொரோனா எச்சரிக்கையையும் சொல்லலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ! வண்டி ஓட்டுவது நான். மைக் பிடிப்பவர் சுகாதார நிலையத்து எர்மெலிண்டா அக்கா. கல்யாணமே வேண்டாமென்று அப்பாவோடு இருந்துவிட்டவர். தொண்டைக்காகப் பையில் எப்போதும் ஒரு துண்டு இஞ்சி வைத்திருப்பார்.

"கூட்டம் கூடாதீங்க" என்று அவர் ஆரம்பித்தாலே போதும், சோளம் உரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் போட்டது போட்டபடி ஓடிவந்து வண்டியைச் சூழ்ந்துகொள்வார்கள்.

"யாரு போனது?"

"யாரும் போகல அத்தை. போயிடக் கூடாதுன்னுதான் கத்துறேன். தள்ளி நில்லுங்க."

"சாவே இல்லாம எதுக்குடி இந்த ஒப்பாரி?" ரோசிந்தா அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். "உன் வீட்டுல ஒண்ணு விழட்டும், அப்ப யாரைத் தள்ளி நிக்கச் சொல்றேன்னு பாக்குறேன்."

மாதக்கணக்கில் இதே கூத்து. சாவு வீட்டுக்கூட்டம் குறையவே இல்லை. எங்கள் வழக்கப்படி அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள் எருமையோடும், பெண் கொடுத்தவர்கள் பன்றியும் கைத்தறித் தாய்ஸ் துணியுமாகவும் வந்து நிற்காவிட்டால் அது மனுஷச் சாவா? எனக்கு எரிச்சலாக வரும்.

"விடுங்கக்கா, பட்டாத்தான் புத்தி வரும்."

"பட்டா புத்தி வராது தம்பி, பாடைதான் வரும்" என்று இஞ்சியைக் கடித்துக்கொள்வார்.

கடைசியில் அக்காவின் அப்பாவே போய்ச் சேர்ந்தார். கொரோனாதான். அக்காவின் அண்ணன் செலெஸ்தீனோ வாசலில் நின்று குதித்தார்.

"சொந்தபந்தம் வராம, அப்பாவை நாயப் புதைக்கிற மாதிரி புதைக்கணுமா? இன்னைக்கு ஒருநாள் மைக்கைத் தொடாதே. வர்றவங்க வரட்டும்."

அக்கா முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் தனியாக ஏறிக்கொண்டார்.

"எங்கப்பா செத்துட்டாரு. யாரும் வராதீங்க. அவங்கவங்க வீட்டுலயே அழுதுக்குங்க."

அன்றைக்கு ஒருவரும் ஓடிவரவில்லை. ரோசிந்தா அத்தை வேலியோரம் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வழி நெடுக அப்படித்தான்.

அக்கா, அண்ணன், குழி வெட்டிய இருவர், தள்ளி நான். வீட்டிலிருந்த ஒரே ஒரு தாய்ஸைப் போர்த்திப் புதைத்தோம். அண்ணன் யாரிடமும் பேசாமல் போய்விட்டார். அக்கா மட்டும் சாலை வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போலாமாக்கா?"

"கொஞ்சம் இரு."

இருட்டத் தொடங்கியது. வளைவில் ஒரு ஆடுகூட வரவில்லை.

"இத்தனை மாசம் தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு பய கேக்கல. இன்னைக்கு ஊரே கேட்டுடுச்சு, பாத்தியா?" அக்கா பையிலிருந்து இஞ்சியை எடுத்தார். "ஒருத்தராவது என் பேச்சை மீறி வந்திருக்கலாம்ல, தம்பி?"